டாஷ்போர்டில் ஒட்டிய பொட்டு

போன மாதம் ரிவர்ஸ்டன் மலை பார்க்கப் போனோம். எங்கள் மாத்தளை வீட்டிலிருந்து பக்கம்தான். ஆனால் பக்கத்தில் இருக்கிற இடத்தை யார் போய்ப் பார்க்கிறார்கள், வெளியூரிலிருந்து யாராவது வந்து இழுத்துக்கொண்டு போனால்தான் உண்டு. கொழும்பிலிருந்து வந்த என் அண்ணன் மகள் தன் புதுக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். ரத்தோட்டை தாண்டி மேட்டில் ஏறும்போது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு பற்றியது. இஞ்சின் படம் போட்ட சின்ன விளக்கு. நான் "நிறுத்து, நிறுத்து" என்றேன். அவளோ பாட்டைக்கூட நிறுத்தவில்லை. பனிக்குள் ஓரம் கட்டினாள், தீப்பெட்டி அளவில் எதையோ எடுத்து ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினாள், போனைப் பார்த்தாள்.

"ஒட்சிசன் சென்சராம் அத்தை. ஒண்ணும் அவசரமில்ல, போய்ட்டு வந்து பாக்கலாம்."

அவ்வளவுதான். கார் தன் வியாதியைத் தானே சொல்லி, அவசரமில்லை என்று ஆறுதலும் சொல்லிவிட்டது. பிறகுதான் அவள் என் கையைப் பார்த்தாள். நான் அவளைத் தாண்டிக் கையை நீட்டி, அந்த விளக்குக்கு மேலே இருந்த பிளாஸ்டிக்கைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன அத்தை, தூசியா?"

"ஆமா, தூசி" என்றேன்.

புதுக் காரில் ஏது தூசி? உங்களிடம் சொல்வதற்கு என்ன, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் வாங்கிய ஒரு பழைய ஜப்பான் கார் எங்களிடம் இருந்தது. வாங்கும்போதே அதற்குக் கிட்டத்தட்ட என் உத்தியோக வயது. அவர் வவுனியா ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருந்தார். தொண்ணூறுகளின் பின்பாதி அது, வடக்கில் போர் நடந்த நேரம். வவுனியாவில் இருக்கிறவர் என்று சொன்னாலே கேட்கிறவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளும் காலம். லீவு கிடைக்கிற மாதம் வருவார், கிடைக்காத மாதம் வரமாட்டார். காரை என்னிடம் விட்டுவிட்டு, அதைப் பற்றி ஒரு சொற்பொழிவும் ஆற்றிவிட்டுப் போனார். இதில் கார்பரேட்டர் கிடையாது, உள்ளே ஒரு குட்டிக் கொம்பியூட்டர் இருக்கிறது, அதுவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்றார். அது எங்கே பார்த்தது! நான் அந்தக் காரைப் பார்த்துக்கொண்டேன், அது பெற்றோலைக் குடித்துக்கொண்டது.

ஓடும்போது பரவாயில்லை. நின்றால்தான் சங்கடம். சந்தியிலோ ரயில் கேற்றிலோ நிறுத்தினால் குளிர்காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கும். என் வளையல் குலுங்கும், பின் கண்ணாடி அதிரும், பெற்றோல் மணம் குப்பென்று உள்ளே வரும். சேலையை எத்தனை தரம் அலசினாலும் அந்த மணம் போகாது. அலுவலகத்தில் என்னோடு இருந்தவர்கள், நான் படியேறும் முன்பே "மிஸ் வந்துட்டாங்க" என்று மூக்கை வைத்துச் சொல்வார்கள். சிரிப்பேன். சிரிக்காமல் என்ன செய்வது?

மணம் என்றதும் அம்மா ஞாபகம் வருகிறது. அப்பா வடக்கிலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்கு மாத்தளைக்கு வந்து இங்கேயே தங்கி இங்கேயே போய்ச் சேர்ந்தவர். அவருக்குப் பிறகு அம்மா என்னோடுதான் இருந்தார். இரண்டு கண்ணிலும் வெண்புரை. முகங்கள் எல்லாம் அவருக்கு ஆவி பிடித்த கண்ணாடிக்குள் தெரிவது போலத்தான் தெரியும். கண் மங்கியதும் மூக்கும் விரலும் கூர்மையாகிவிட்டன. காரை வாசலில் நிறுத்தினால், "இன்னைக்கும் எண்ணெய் குடிச்சிட்டு வந்திருக்கு உன்ட குதிரை" என்பார். அடுத்த வேலையாக என் முகத்தைப் பிடித்து, பெருவிரலால் நெற்றியைத் தடவிப் பார்ப்பார். பொட்டு இருக்கிறதா என்று.

காலையில் போகும்போது ஒரு தடவல், மாலையில் வந்ததும் ஒரு தடவல். "வச்சிருக்க. சரி, போ." அவருடைய மருமகன் வவுனியாவில் உயிரோடும் சுகத்தோடும் இருப்பதற்கு என் நெற்றியில்தான் சாட்சி இருப்பதாக அம்மா நம்பினார். தன் நெற்றியில் வெறும் திருநீற்றோடு இருந்தவர் அப்படி நம்பியதில் எனக்கு ஆச்சரியமில்லை. நான் மட்டும் என்ன, நம்பாதவளா? படித்தவள் என்ற வீறாப்பில் வாயால் சொன்னதில்லை.

இப்போது அந்த வளைவுக்கு வருகிறேன். எங்கள் வீடு ஊருக்கு அந்தப் பக்கம், அலுவலகம் கண்டி வீதியில் ஊருக்கு வெளியே. நடுவில், வளைவில் ஆர்மியின் செக்பொயின்ட். தார்ப் பீப்பாய்கள், மண்மூட்டைகள், அதன் நடுவே பாம்பு போல வளைந்து போக வேண்டிய வழி. கூப்பிட்டு நிறுத்தினால் இஞ்சினை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்க வேண்டும். அடையாள அட்டையை நீட்ட வேண்டும். நிறுத்தாமல் கையை ஆட்டிப் போகச் சொன்னால் அன்றைக்கு நல்ல முகத்தில் விழித்திருக்கிறோம் என்று அர்த்தம்.

பொட்டு இல்லாத பெண் தனியாகக் காரோட்டிக்கொண்டு வந்தால், பார்த்ததும் தமிழ் என்று தெரியாது, அநேகமாகக் கையை ஆட்டிவிடுவார்கள். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பஸ்ஸில் எத்தனையோ பெண்கள் அந்த வளைவுக்கு முன்னால் முந்தானையால் முகம் துடைப்பதைப் பார்த்திருக்கிறேன். முகத்தில் வியர்வையே இருக்காது. அட்டையில் பெயர் இருக்கிறதே, பொட்டை எடுத்து என்ன பிரயோசனம் என்று நீங்கள் கேட்கலாம். அட்டையைக் கேட்கும் நிலைமை வராமல் இருக்கத்தான். அதுவும், நிறுத்தினால் இஞ்சினை நிறுத்த வேண்டும், இஞ்சின் சூட்டோடு நின்றால் எங்கள் குதிரை திரும்பக் கிளம்பாது. முதல் தடவை அப்படி நின்றபோது பின்னால் ஒரு பஸ், ஒரு லொறி, அதற்குப் பின்னால் ஊரே நின்றது. துவக்கோடு நின்ற ஆர்மிக்காரர்கள்தான் காரைத் தள்ளிவிட்டார்கள். சோதித்தவர்களே தள்ளிவிட, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு "ஸ்துதி, ஸ்துதி" என்று சிங்களத்தில் நன்றி சொல்லிக்கொண்டே போவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அன்றிலிருந்துதான் நான் பொட்டை எடுக்க ஆரம்பித்தேன்.

முத்துமாரியம்மன் கோவில் பக்கத்துக் கடைகளில் அட்டையோடு வாங்குகிற ஒட்டுப் பொட்டு. மெரூன் நிறம், அம்மாவின் விரலுக்குத் தட்டுப்பட வேண்டுமே என்று கொஞ்சம் பெரிதாக. வளைவு வருமுன் நகத்தால் உரித்து, எதிரே டாஷ்போர்டில், மணிக்கூடு மாதிரி வேகம் காட்டும் வட்டங்களை மூடிய கண்ணாடியில், இடது மூலையில் வெறும் கறுப்பாகக் கிடந்த இடத்தில் ஒட்டுவேன். தாண்டியதும் எடுத்து நெற்றியில் வைப்பேன். நெற்றியில் நிற்காத அளவுக்குப் பசை போய்விட்டால் அதை அங்கேயே விட்டுவிட்டு, கைப்பையிலிருந்து புதிது எடுப்பேன். பழையதன் மேலேயே அடுத்ததை ஒட்டியதும் உண்டு. அதுவும் எனக்கொரு ஒழுங்குதான். கண்ட இடத்தில் ஒட்டுகிற ஆள் இல்லை நான்!

கார் விவகாரத்தில் எனக்கு இருந்த ஒரே துணை ஹாஷிம் நானா. ரயில் நிலையம் போகும் பாதையில் தகரக் கூரை போட்ட கராஜ். பாதி மாத்தளையின் பழைய கார்கள் அவர் தயவில்தான் ஓடின. பொனட்டைத் திறந்து, காதைச் சாய்த்துக் கேட்டு, பிளக்கைக் கழற்றிக் காட்டினார்.

"பாருங்க மிஸ், கரி புடிச்சீக்கிது. தேவைக்கு மிச்சமா பெற்றோல் போகுது. அதான் நிக்கக்குள்ள இந்த ஆட்டம், சூட்டோட ஸ்டார்ட்டும் வாரல்ல. ஏன் போகுதுண்டு இதுட கொம்பியூட்டர்தான் சொல்லணும். மஞ்ச லைட் ஒண்டு பத்துதா?"

"இல்ல நானா. ஒண்ணும் பத்தல."

அவர் ஒரு துண்டு வயரை எடுத்தார். பொனட்டுக்குள் ஒரு சின்னப் பெட்டி, அதன் இரண்டு துளைகளில் வயரின் இரண்டு முனையையும் செருகினார். இப்படிச் செய்தால் அந்த மஞ்சள் விளக்கு கண் சிமிட்டும், எத்தனை தரம் சிமிட்டுகிறது என்று எண்ணினால் எந்த இடத்தில் பழுது என்று தெரியும் என்றார். சாவியைத் திருப்பிப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். திருப்பினேன். எண்ணெய் விளக்கைப் பார்த்தேன், பட்டரி விளக்கைப் பார்த்தேன். எதுவும் சிமிட்டவில்லை.

"இல்ல நானா."

"நல்லாப் பாருங்க."

"நல்லாத்தான் பாக்குறேன்."

அவரே வந்து பார்த்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். ஆனால் ஹாஷிம் நானா இடுப்பில் கட்டிய எண்ணெய் படிந்த சாரத்தோடு பெண்களின் சீட்டில் உட்காரமாட்டார், தலையைக்கூட உள்ளே நீட்டமாட்டார். அது அவர் மரியாதை. "பல்பு போய்ட்டு போல" என்று முடிவு கட்டினார். டாஷ்போர்டைக் கழற்றுவது பெரிய வேலை, பிறகு பார்க்கலாம் என்று பிளக்கை மாற்றினார், வயர்களை மாற்றினார், எதையெதையோ கழுவினார். கார் இரண்டொரு நாள் மரியாதையாக இருந்துவிட்டு மறுபடி நடுங்கியது. எனக்கும் பழகிவிட்டது. எதுதான் பழகவில்லை அந்தக் காலத்தில்.

அப்படி இருக்கும்போது அம்மாவுக்குக் கண்டி ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணை ஒபரேஷன் செய்யத் தேதி கிடைத்தது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் ஒரு பயம் வந்து குந்திக்கொண்டது. அதுவரை அம்மா என்னோடு காரில் வந்தபோதெல்லாம், பின் சீட்டில் உட்கார்ந்து அவர் கந்தசஷ்டி சொல்லிக்கொண்டிருக்க, முன்னால் நான் பொட்டை எடுத்து ஒட்டி, திரும்ப எடுத்து வைத்து, எல்லாம் கண்ணெதிரே நடத்தினேன். இனி அது முடியாது. ஒபரேஷன் முடிந்து கூட்டி வரும்போது பொட்டை எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். நிறுத்தட்டும், அட்டையைக் கேட்கட்டும், கார் கிளம்பாமல் போகட்டும், ஊரே பார்க்கட்டும். அம்மா மட்டும் பார்க்கக் கூடாது.

கறுப்புக் கண்ணாடியோடு அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தார். முன் சீட்டில்தான் உட்காருவேன் என்று அடம். சரி என்றேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்திலிருந்து அக்குறணை வரைக்கும் கடைப் பலகைகளை வாய்விட்டு வாசித்துக்கொண்டே வந்தார். மரங்களில் இலை தனித்தனியாகத் தெரிகிறதாம். கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, ஆகாயம் இவ்வளவு நீலமா என்றார். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

"என்ன பிள்ள, உனக்கு இவ்வளவு நரைச்சிருச்சே. ஒருத்தரும் சொல்லல."

"சொன்னா நீங்க கவலப்படுவீங்கன்னுதான்."

சிரித்தோம். பொட்டை உற்றுப் பார்த்து, "வடிவா இருக்கு, இந்தச் சிவப்பு" என்றார். விரலால் பார்த்தே பழகியவருக்கு அதன் நிறம் அன்றுதான் தெரிந்தது. அப்படியே பேசிக்கொண்டு வந்தோம். வளைவு வந்தது. முன்னால் நாலைந்து வாகனங்கள். வேகத்தைக் குறைத்தேன், கார் நடுங்கத் தொடங்கியது, கியரை மாற்றினேன்.

அப்புறம் பார்த்தால் என் நெற்றி வெறுமையாக இருக்கிறது. பொட்டு எதிரே ஒட்டியிருக்கிறது.

நான் எடுக்கவில்லை என்று சத்தியம்கூடச் செய்வேன். கை எடுத்திருக்கிறது. பிரேக்கை மிதிக்கிற கால் மாதிரி, கேட்காமலே தன் வேலையைப் பார்த்துவிட்டது. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தெருவில் சேலை அவிழ்ந்தால்கூட அப்படிக் கூசியிருக்க மாட்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் நிறுத்தினார்கள். "எஞ்ஜிம ஓஃப் கரன்ன." இஞ்சினை நிறுத்தினேன். அட்டைகளைக் கொடுத்தேன். இளவயது ஆர்மிக்காரர் ஒருவர் பெயரைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், திருப்பித் தந்தார். பார்த்தீர்களா, அவ்வளவும் வீண். சாவியைத் திருப்பினேன். கார் இருமியது. மறுபடி திருப்பினேன். பெற்றோல் மணம் காரை நிரப்பியது. கொஞ்ச நேரம் விட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று ஹாஷிம் நானா சொல்லியிருந்தார். சாவியைத் திருப்பியபடியே விட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஹோர்ன் சத்தம்.

அம்மா முன்னால் சரிந்து கையை நீட்டினார். குனியவே கூடாது என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். டாஷ்போர்டுக் கண்ணாடியில் இருந்த பொட்டை நகத்தால் நெம்பி எடுத்து என் நெற்றிக்குக் கொண்டு வந்தார்.

"அம்மா, இப்ப வேணாம். அவங்க பாக்குறாங்க."

சொன்னது நான்தான். பெற்ற தாயிடம், அந்த இடத்தில், அந்தக் குரலில். அம்மா கை நடுவில் நின்றது.

"அவர் உசிரோட இருக்காரு, பிள்ள" என்றார். பெருவிரலால் அழுத்தி ஒட்டினார். வலிக்கும் அளவுக்கு அழுத்தினார்.

பிறகு மறுபடி முன்னால் சரிந்தார். அங்கே இன்னும் ஒன்று இருந்தது, அதற்கடியில் இன்னொன்று. நான் விட்டுவைத்த பழைய பொட்டுகளை ஒவ்வொன்றாக உரித்து மடியில் போட்டார். கடைசியையும் உரித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதுக்கு அடியில ஒரு லைட் எரியுதே."

மஞ்சள் விளக்கு. இஞ்சின் படம் போட்டது. பற்றாத நேரத்தில் வெறும் கறுப்பாகத் தெரியும் இடம். எத்தனை மாதமாகப் பற்றிக்கொண்டிருந்ததோ, ஆண்டவனுக்குத்தான் தெரியும். வேறு நேரமாக இருந்தால் நானே விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

அந்த ஆர்மிக்காரர் திரும்பி வந்தார். இரண்டு பேரைக் கூப்பிட்டு "தள்ளு கரமு" என்றார். தள்ளு என்பது அவர்களுக்கும் தள்ளுதான். என் நெற்றியில் கோணலாக இருந்த பொட்டைப் பார்த்தார், அம்மாவின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார். கண் ஒபரேஷனா என்று கேட்டார். ஆமென்றேன். குனிந்து அம்மாவிடம், "தென் ஹொந்தட்ட பேனவாத, அம்மே?" என்றார். இப்போது நன்றாகத் தெரிகிறதா என்று அக்கறையாகத்தான் கேட்டார்.

"ஹொந்தட்ட பேனவா, புத்தே" என்றார் அம்மா. நன்றாகத் தெரிகிறது மகனே.

தள்ளினார்கள். கார் கிளம்பியது. வீடு வரும்வரை அம்மா ஒரு பலகையையும் வாசிக்கவில்லை.

மறுநாள் ஹாஷிம் நானாவிடம் போனேன். அம்மாவும் வருவேன் என்று ஏறிக்கொண்டார். விளக்கு பற்றுகிறது என்றேன். "பல்பு போய்ட்டுண்டு நெனச்சேனே" என்று ஆச்சரியப்பட்டு வயரைச் செருகினார். விளக்கு இரண்டு தரம் சிமிட்டியது, ஓய்ந்தது, மறுபடி இரண்டு தரம் சிமிட்டியது. சத்தமாக எண்ணிச் சொன்னேன்.

"ரெண்டும் ரெண்டுமா? அப்ப தண்ணிட சூட்டைப் பாக்கிற சென்சர்தான் மிஸ். அது செத்துப் போனா இஞ்சின் கொதிச்சாலும் இன்னும் குளிர்ண்டே கொம்பியூட்டர் நெனச்சிக்கொண்டு பெற்றோல ஊத்தும். இவ்வளவுதான் விஷயம். முந்தியே தெரிஞ்சிருந்தா..." என்று இழுத்தவர், "லைட்ட எப்பிடிக் காணாம விட்டீங்க?" என்றார்.

நான் சாவியைத் திருப்பி விளக்கை அணைத்தேன். பின் சீட்டிலிருந்து அம்மா சொன்னார்: "பொட்டு மறைச்சிருச்சு, தம்பி."

ஹாஷிம் நானா ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கைகளைச் சாரத்தில் துடைத்தார். பிறகு உள்ளே போய், கழற்றிப் போட்ட ஒரு காரிலிருந்து சென்சரை எடுத்து வந்து பூட்டினார். கார் கிளம்பியது. நிறுத்தியிருந்தும் நடுங்கவில்லை. வளையல் சத்தம்கூட இல்லை. பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு, "இந்தப் பசையைத் தொடச்சிருங்க மிஸ், பெற்றோல் போட்டா பிளாஸ்டிக் மங்கிரும்" என்று என்னிடம் தந்தார். தேய்த்தேன். முழுக்கப் போகவில்லை. அவர் ஜன்னலுக்கு வெளியே நின்றபடி, உள்ளே வராமல், விரலை நீட்டி வலது ஓரத்தைக் காட்டினார்.

"இனி இந்தப் பக்கம் ஒட்டுங்க. இங்க லைட் ஒண்டும் இல்ல."

டயரில் காற்று எவ்வளவு வேண்டும் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். நல்ல மனசோடு சொன்னார். "நல்லது நானா, தேங்க்ஸ்" என்றேன். அதற்கு நன்றி சொன்னேன் நான், அம்மா கேட்டுக்கொண்டிருக்க.

அதைவிட வெட்கம், அவர் காட்டிய இடத்தில்தான் பிறகு ஒட்டினேன் என்பது. குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்தன, சோதனை கூடியது, எனக்கு வேறு வழி தெரியவில்லை. அம்மா மறுபடி பின் சீட்டுக்குப் போய்விட்டார். வளைவு வருகிறது என்றால் அந்தப் பக்க ஜன்னலுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வார். தாண்டியதும் கொஞ்சம் பொறுத்துத்தான் திரும்புவார், எனக்கு ஒட்டிக்கொள்ள நேரம் விட்டு. 

செக்பொயின்ட் இருந்த வளைவில் இப்போது ரம்புட்டான் காலத்தில் பெட்டிக்கடை போடுகிறார்கள். தார்ப் பீப்பாய்கள் எங்கே போயினவோ. ஹாஷிம் நானா காலமாகிவிட்டார். கராஜ் இருந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். காரைத் துண்டு துண்டாக விற்றோம், அதன் உறுப்புகள் எத்தனை கார்களில் ஓடுகின்றனவோ. என் கணவர் வவுனியாவிலிருந்து முழுசாகத் திரும்பி வந்து, பென்ஷன் எடுத்து, வழுக்கையோடு வீட்டில் இருந்து என் சமையலில் உப்பைப் பற்றிக் குறை சொல்கிறார். அம்மா நம்பியது வீண் போகவில்லை.

ஆனால் அந்த ஒபரேஷனுக்குப் பிறகு அம்மா என் நெற்றியைத் தடவிப் பார்க்கவில்லை. கண் தெரிகிறது, இனி எதற்கு என்று நானும் இருந்துவிட்டேன். கடைசிக் காலத்தில் அந்தக் கண்ணும் மங்கியது, சாப்பாட்டுத் தட்டையே தடவித்தான் கண்டுபிடித்தார். வேலைவிட்டு வந்ததும் பழையபடி அவர் முன்னால் குனிந்து முகத்தை நீட்டுவேன், பெரிய மெரூன் பொட்டோடு. அவர் கை வரும். என் தலையைத் தடவும், கன்னத்தைத் தடவும், நெற்றிப் பக்கம் மட்டும் போகாது.

"வந்துட்டியா" என்பார். "சரி, போ."